தொட்டுக்கோங்க, ஷாக் அடிக்காது

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலிக்குத் தைலம் மாற்றியிருக்கிறோம், தேவலை.

நீ போன் செய்த ராத்திரி நான் ஒரு காதுகுத்து வீட்டில் இருந்தேன். பக்கத்திலேயே ஸ்பீக்கர் பாக்ஸ் அலறிக்கொண்டிருந்தது. நீ சொன்னதில் "நாலு மணி நேரம்", "செருப்பு", "அசிங்கமாப் போச்சுப்பா" என்ற மூன்றும்தான் காதில் விழுந்தன. யாரோ உன்னைச் செருப்பால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு உயிரே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மா விளக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

உனக்குப் பிடித்த அந்தப் பாடகியைப் பார்க்க நாலு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாய். பத்து வருஷமாக மனசில் வைத்திருந்ததை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருக்கிறாய். கிட்டே போனதும் "உங்க செருப்பு ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறாய். படத்திலும் அழுகிற மூஞ்சியே விழுந்திருக்கிறது. அதை அழிக்கப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் என் ஆளிடம் சொன்னது உன் செருப்பைவிட மோசம். போனில் சொன்னால் பாதியில் யாராவது "மைக் செட்டு, வால்யூமைக் குறைங்க" என்று கத்துவான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் ஆள் யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் பெயரை வீட்டில் யாரும் சொன்னால், "அப்பாவோட ஆளு" என்று நீ மூன்று வயசிலேயே சொல்வாய். அவருக்கு நான் எர்த் போட்ட கதையும் உனக்குப் பாதி தெரியும். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேனே. சொன்னதெல்லாம் பெருமையான பாதி. மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

அவர் வாசிப்பை நான் முதலில் கேட்டது ஒரு தென்னை மரத்து உச்சியில். 1983 என்று ஞாபகம். எனக்கு 19 வயசு. பத்தாவதை முடிக்காமல் மைக் செட் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்போதெல்லாம் கல்யாண வீடு என்றால் முதல் நாளே மரத்தில் ஏறி ஹார்ன் கட்டிவிட வேண்டும். நாலு ஊருக்குக் கேட்டால்தான் கல்யாணம். நான் மட்டையில் காலை வைத்து, ஹார்னை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே முதலாளி லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேசட்டைப் போட்டுவிட்டார். நான் இறங்கின பிறகு போட வேண்டியது. அவருக்கு எப்போதும் அவசரம்.

ஹார்ன் ஒரு அதிர்வு அதிர்ந்தது. சத்தம் காதில் வருவதற்கு முன்னால் விலா எலும்பில் வந்தது. ஒரு கம்பி வாத்தியம். வீணை மாதிரி இருக்கிறது, ஆனால் வீணை இவ்வளவு வேகமாக ஓடாது. கிடார் என்று நினைத்தால், கிடார் இப்படி நம் பாட்டைப் பாடி நான் கேட்டதில்லை. முடிச்சை விட்டுவிட்டு அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

"அண்ணே, என்ன வாத்தியம் இது?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"மாண்டலினாம்டா. ஒரு சின்னப் பையன் வாசிக்கிறான். நீ முதல்ல இறங்கு."

அன்றைக்கு ராத்திரி ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தக் கேசட்டை மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டேன். பெண் வீட்டார் வந்து, "ஏம்ப்பா, நாகஸ்வரம் இல்லையா?" என்று கேட்டார்கள். ரீல் மாட்டிக்கொண்டது என்று பொய் சொன்னேன்.

அதற்கப்புறம் அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையில் ஒரு வரி வந்தாலும் சலூனில் இருந்து கிழித்துக்கொண்டு வந்துவிடுவேன். ஆந்திராவில் பாலக்கொல்லு சொந்த ஊர். 1969இல் பிறந்தவர். அப்பாவின் மாண்டலினை எடுத்துத் தட்டிப் பார்த்த பிள்ளை. 1978இல் குடிவாடாவில் தியாகராஜர் ஆராதனையில் வாசித்தபோது 9 வயசு. மெட்ராஸில் முதல் கச்சேரி 1981இல். 14 வயசில் பெர்லினில் ஜாஸ் விழாவுக்குப் போய் வாசித்துவிட்டு வந்துவிட்டார். 14 வயசில் நான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதிலெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் கற்றுக்கொண்ட விதம். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாட்டுப் படித்தவர். குருவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார். பையன் அதைக் கேட்டுக் கம்பியில் எடுப்பான். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அந்த வாத்தியம் பாடின மாதிரியே இருந்ததற்கு எனக்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது. இன்னொன்றும் படித்தேன். சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக ஜோடி போட்டு நாலு ஜோடி இருக்கும். ஜோடிக் கம்பியை இழுத்து, ஸ்வரத்தை அசைத்து வாசிக்கிற நம் கமகத்தைக் கொண்டுவருவது கஷ்டம், இரண்டும் ஒன்றுபோல வளையாது. அவர் ஜோடியைப் பிரித்து ஒற்றைக் கம்பியாக்கி, மின்சாரத்தில் இணைத்து, பிற்பாடு கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது ஒரு கம்பியும் சேர்த்துக்கொண்டார். வயரோடு வாழ்கிறவன் எனக்கு இந்த மின்சார விஷயத்தில் தனிச் சந்தோஷம். நம் தொழிலில் கொஞ்சம் அவருக்குள்ளே ஓடுகிற மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1986 பங்குனி. நம் ஊர்க் கோயில் உத்திரத் திருவிழாவில் ஒரு நாள் அவர் கச்சேரி என்று நோட்டீஸ் வந்தது. செட் நம்முடையது. நோட்டீஸைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளியிடம் கெஞ்சி, அன்றைக்கு மேடைக்கு ஹார்ன் வேண்டாம், பாக்ஸ் வைப்போம் என்றேன். ஹார்ன் எதையும் மூக்கால் பாடும். பக்கத்து ஊர்க்காரரிடம் இரண்டு பாக்ஸ் இரவல் வாங்கினோம். ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துத் தூசி தட்டினேன். ஜாக்குக்கெல்லாம் புதிதாக ஈயம் வைத்தேன்.

என்ன பேசுவது என்பதையும் தயார் செய்திருந்தேன். உன்னைப் போலவே. தென்னை மரத்துக் கதையைச் சொல்வது, கடைசியில் கேசட் அட்டையில் கையெழுத்து வாங்குவது. ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். எப்படிக் கூப்பிடுவது? அவருக்கு 17, எனக்கு 22. ஊர் வழக்கப்படி "தம்பி" என்றுதான் வரும். தம்பி என்றால் மரியாதைக் குறைவாகிவிடுமோ? "ஐயா" என்றால் கேலி மாதிரி இருக்கும். "சார்" என்றால் பேங்க்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. இரண்டு ராத்திரி இதையே யோசித்தேன்.

சாயங்காலம் வந்தார்கள். காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னவரா என்பது. பட்டு ஜிப்பா, நெற்றியில் குங்குமம், முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நீ படங்களில் பார்த்திருக்கிறாய், அதே சிரிப்பு. மேடையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து வாத்தியத்தை எடுத்தார். கூட வந்த பெரியவர் வயரை நீட்ட, நான் வாங்கி ஆம்ப்ளிஃபையரில் பி-38 பின்னைச் செருகினேன். அவ்வளவுதான், பாக்ஸ் இரண்டும் "ம்ம்ம்ம்" என்று ரீங்கரிக்க ஆரம்பித்தன.

அவர் கம்பியைத் தொட்டால் சத்தம் அடங்கியது. கையை எடுத்தால் மறுபடி "ம்ம்ம்ம்".

எனக்கு அடிவயிறு குளிர்ந்துவிட்டது. இரைச்சல் என்றால் ஜனம் முணுமுணுக்கும், அதோடு போகும். தொட்டால் அடங்குகிறது என்றால் எர்த் இல்லை, கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லை என்று அர்த்தம். எர்த் இல்லாத லைனில் ஆம்ப்ளிஃபையரின் தகரத்தில் கசிவு நிற்கும். அந்தத் தகரமும் வயரும் மாண்டலின் கம்பியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. அவர் விரல் அந்தக் கம்பியில் இருக்கிறது. காலையில் நான்தான் எர்த் கம்பியை மண்ணில் அடித்தேன். பங்குனி வெயிலில் மண் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தது, அடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். பாக்ஸைத் துடைத்தேன், ஈயம் வைத்தேன், எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்தேன். இதை மறந்துவிட்டேன். யாரையும் சொல்லிக் குற்றமில்லை, பாப்பா, என் தப்பு.

மேடையில் ஏறி அவர் முன்னால் போய் நின்றேன். தயார் செய்த பேச்சில் ஒரு வார்த்தை ஞாபகம் இல்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் காட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. வாத்தியத்தை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பலகையில் விபூதி வாசமும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த ஒரு வாசம் இருந்தது. விரல் ஓடி ஓடிக் கம்பிக்கு அடியில் குறுக்கே பதித்த மெட்டுத் தகடுகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தன. டெஸ்டரின் முனையைக் கம்பியில் வைத்துப் பின்பக்கத்தில் கட்டை விரலை வைத்தேன். உள்ளே ஒரு மங்கின ஆரஞ்சு வெளிச்சம். ஊதுவத்தி நுனி அளவுதான். எரிந்தது.

பின்னைப் பிடுங்கிவிட்டு ஓடினேன். பந்தல்காரரிடம் கடப்பாரை. மேடைக்குப் பின்னால் சுவரோரம் ஒரு முழம் இறக்கினேன். மடப்பள்ளியில் போய் ஒரு மரக்கால் கல்லுப்பு கேட்டேன். "எதுக்குடா?" என்றார்கள். "எர்த்துக்கு" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் கொடுத்தார்கள். உப்பைக் கொட்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, வயரைக் கடப்பாரையில் சுற்றி, கட்டிங் பிளேயரால் முறுக்கி இறுக்கினேன். தண்ணீர் மண்ணில் இறங்குகிற சத்தம் "சொர்ர்" என்று கேட்டது. இவ்வளவுக்கும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் மேடையில் அவர் வாத்தியம் இல்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் மைக் செட்டைத் திட்டியது என் காதில் விழுந்தது. அவர் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

திரும்பி வந்து பின்னைச் செருகி, மறுபடி டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. கட்டை விரலை அழுத்திப் பார்த்தேன். எரியவில்லை. நம்பிக்கை வராமல் என் புறங்கையைக் கம்பியில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வாத்தியத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். என் வாழ்க்கையிலேயே அவரிடம் நான் பேசிய ஒரே வாக்கியம் அப்போது வந்தது.

"தொட்டுக்கோங்க, ஷாக் அடிக்காது."

சரஸ்வதி கைபட்ட பிள்ளையிடம் சொல்கிற பேச்சா இது? தம்பியும் இல்லை, ஐயாவும் இல்லை, சாரும் இல்லை. கரண்ட் ஆபீஸ் லைன்மேன் மாதிரி.

அவர் தலையாட்டினார். ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தார். கடைசிக் கம்பியை மட்டும் தட்டி, கொஞ்சம் இழுத்து, விட்டார். இரைச்சல் இல்லாமல் சுத்தமாக, அந்த ஒரு ஸ்வரம் பந்தலைத் தாண்டித் தெப்பக்குளம் வரைக்கும் போய்வந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். சத்தம் சரியாகிவிட்டது என்ற சிரிப்புதான். ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருந்தது அவரும் நானும்தான், பாப்பா. கச்சேரி இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஜனம் எதையும் கவனிக்கவில்லை. அந்த ஒரு ஸ்வரத்தைக் கேட்கவேண்டி உட்கார்ந்தது நான் ஒருத்தன்.

இதுவரைக்கும் வீட்டில் சொன்ன கதையில் எர்த் போட்டது இருக்கும், தண்ணீர் ஊற்ற மறந்தது இருக்காது. இப்போது சொல்லிவிட்டேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. எர்த் சரியானதும் வேறொரு சத்தம் தெரிந்தது. "டப்... டப்... டப்" என்று விட்டுவிட்டு. அது சீரியல் செட். அந்தக் காலத்தில் ஓடுகிற விளக்குக்கு ஒரு மோட்டார் உருளை இருக்கும், அது சுற்றச் சுற்றத் தகடு மாறி மாறித் தொட்டு விளக்கு ஓடும். ஒவ்வொரு தடவை தொடும்போதும் ஒரு பொறி. அந்தப் பொறிதான் பாக்ஸில் டப் என்று விழுகிறது. மேடைக்குப் பக்கத்திலேயே "உபயம்" என்று ஆரம்பித்து ஒரு பெரிய மனிதர் பெயர் விளக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நிறுத்துங்கள் என்று போய்க் கேட்டேன். "பேரை அணைக்கச் சொல்றியா?" என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

கச்சேரி ஆரம்பிக்கும்போது அந்த விளக்கின் ஃபியூஸ் கட்டை என் கால்சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே. ஃபியூஸ் போய்விட்டது என்று நானே போய்ச் சொல்லி, நானே இரண்டரை மணி நேரம் தேடினேன்.

கச்சேரியைப் பற்றி எழுத எனக்கு ஞானம் போதாது. ராகம் எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் பாதிதான் தெரியும். நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயிருந்து அவருடைய முதுகும் இடது மணிக்கட்டும்தான் தெரிந்தன. கை மேலும் கீழும் வழுக்கும், ஆனால் அறுபடாது. மெட்டு வைத்த வாத்தியம் என்றால் படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்று நினைப்போம். அவர் படியிருக்கிற இடத்தில் சறுக்கு மரம் வைத்த மாதிரி ஏறி இறங்கினார். நம் கோயில் நாகஸ்வரக்காரர், பெரியவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். கச்சேரியில் பாதி நேரம் நின்றபடியே கேட்டார். பிறகு என் தலையில் லேசாகத் தட்டி, "ஊதாமலே ஊதுறான்டா" என்றார். நான் படித்த எந்த விமரிசனத்திலும் அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஸ்ரீனிவாஸ் சிறுவராக மெட்ராஸுக்கு வந்த புதிதில் மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்களாம். அவர்களுக்குப் பக்கத்தில் எங்கள் நாகஸ்வரக்காரரை நிற்க வைத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் மாலை, சால்வை, கூட்டம். கேசட் அட்டை என் பையில் ஃபியூஸ் கட்டையோடு கசங்கிக் கிடந்தது. கையெழுத்து வாங்கப் போகவில்லை. போயிருக்கலாம். கிட்டே போக வழி இருந்தது, ஒயரைச் சுற்றுகிறவனை யாரும் தடுக்கமாட்டார்கள். ஏன் போகவில்லை என்று அப்போது எனக்கே தெரியவில்லை. ஷாக் அடிக்காது என்று சொன்ன வாயால் தென்னை மரத்தைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்திருக்கும்.

காரில் ஏறும் முன்னால் அவர் நான் நின்ற பக்கமாகத் திரும்பிக் கைகூப்பினார். எனக்கு நேர் பின்னால் கோபுரம். கும்பிட்டது எனக்கா, கோபுரத்துக்கா? கோபுரத்துக்குத்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் சில நாள், வேலை சரியாக அமையாத நாள், அதை எனக்கு என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மறுநாள் ஃபியூஸ் விஷயம் தெரிந்து முதலாளி என் மூன்று நாள் பேட்டாவைப் பிடித்துக்கொண்டார். கன்னத்தில் ஒன்றும் கிடைத்தது. அதை விடு.

அப்புறம் ஒரு தடவை நெருங்கினேன். அதைக் கெடுத்தது நீ. 2001 டிசம்பர், உனக்கு 5 வயசு. ரிச்சி தெருவில் சாமான் வாங்க மெட்ராஸ் வந்தபோது உன்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் ஒரு சபாவில் அவர் கச்சேரி. அப்போது அவர் பத்மஸ்ரீ வாங்கிவிட்டார், ஜான் மெக்லாஃப்ளினோடும் ஜாகிர் ஹுசைனோடும் சேர்ந்து உலகம் முழுக்க வாசித்துக்கொண்டிருந்தார். நீ முதல் பாட்டிலேயே என் மடியில் தூங்கிவிட்டாய். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வரிசை நின்றது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் நின்றேன். இந்தத் தடவை பேச்சு சின்னது: "உங்க ஊர்த் திருவிழாக் கச்சேரிக்கு எர்த் போட்டவன் நான்தான்." அதிலும் பார், "எங்க ஊர்" என்று சொல்ல வேண்டியதை "உங்க ஊர்" என்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எனக்கு முன்னால் மூன்றே பேர். அப்போது நீ கண்ணை விழித்து, "அப்பா, ஒண்ணுக்கு" என்றாய்.

திரும்பி வந்தபோது அவர் போய்விட்டார். உன்னைக் குறை சொல்லவில்லை. அவசரம் அவசரம்தானே.

2014 செப்டம்பர் 19. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். புரட்டாசி பிறந்து மூன்றாவது நாள், கல்யாணம் கிடையாது, செட்டெல்லாம் பட்டறையில் கிடந்தது. நான் ஹார்ன் யூனிட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில் சொல்வதற்கு முன்னால் நீதான் போன் செய்தாய். "அப்பா, உங்க ஆளு போயிட்டாராம்பா" என்றாய். அதற்குமேல் நீ பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் ஹாஸ்டலில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

45 வயசு. என்னைவிட ஐந்து வயசு சின்னவர். பழைய கேசட்டைத் தேடி எடுத்தேன், ரீலில் பூஞ்சை பிடித்திருந்தது. துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன், ஒரு நிமிஷம் பாடி மாட்டிக்கொண்டது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டது என்று சொன்ன பொய் அன்றைக்குத்தான் பலித்தது என்று நினைத்தேன், கணக்குப் பார்த்தால் முப்பத்தொன்று. கூப்பிட்டிருக்கலாம் ஒரு தடவை. தம்பி என்று. தப்பாக நினைத்திருக்க மாட்டார்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். என்னிடம் அவரோடு ஒரு படம் இருக்கிறது. நம் கோயில் ஆபீஸில், சுவரில் காலண்டருக்கு மேலே, கண்ணாடி போட்டது. நீ எத்தனையோ தடவை பார்த்திருப்பாய், மேடையில் அவர், வயலின், மிருதங்கம், கடம். அதன் வலது ஓரத்தில் கட்டம் போட்ட சட்டையில் ஒரு முதுகு குனிந்திருக்கும், தலை தெரியாது. அடுத்த தடவை போகும்போது பார். அது அப்பா. ஸ்டூடியோக்காரர் கிளிக் செய்த நேரம் நான் பின்னைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முகம் இல்லாத முதுகுக்கே நான் இத்தனை வருஷமாகக் கோயில் ஆபீஸில் ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்வருகிறேன். உன் படத்தில் உன் முகமே இருக்கிறது, அந்தப் பாடகியும் பக்கத்தில் இருக்கிறார். அழிப்பதென்றால் எனக்கு ஒரு காப்பி அனுப்பிவிட்டு அழி. பெரிசாகப் பிரிண்ட் போட்டு பட்டறையில் மாட்டப் போகிறேன். அழுகிற மூஞ்சியாக இருந்தால் என்ன, அங்கே வருகிறவன் எல்லாம் வயர்க்காரன்தான்.

வானம் மூடிக்கொண்டு வருகிறது. மாடியில் நாலு பாக்ஸ் காயப் போட்டிருக்கிறேன், இறக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு விஷயம் கேட்டு எழுதச் சொல்கிறாள். அந்தப் பாடகி போட்டிருந்தது நிஜமாகவே நல்ல செருப்பா? என்ன கலர், வார் வைத்ததா, கட்டை விரல் மாட்டுகிறதா? படத்தில் கால் தெரிந்தால் அதையும் வெட்டாமல் அனுப்பு.

இப்படிக்கு,
அப்பா